காப்பி இல்லாத பதினோரு நிமிடங்கள்

லைன்டால்,
திங்கட்கிழமை, 26 அக்டோபர் 1998

ரூக்காபர் மோட்டார் நிறுவனத்தின் பணி ஓய்வாளர் மடல் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திரு. ஹார்ட்மூட் லுட்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று என் மனைவி இர்மா கேட்கச் சொன்னாள். இங்கே நாங்கள் இருவரும் நலம். இதை நான் மரியாதைக்காக எழுதவில்லை. இந்தக் கடிதத்தின் விஷயமே நான் நலமாக இருக்கிறேன் என்பதுதான்.

சென்ற இதழின் ஏழாம் பக்கத்தில், முயல் கண்காட்சி முடிவுகளுக்குக் கீழே, தாங்கள் ஒரு சிறு செய்தி வெளியிட்டிருக்கிறீர்கள். “காப்பி இயந்திரத்தில் ஏற்பட்ட கோளாறு காரணமாக அக்டோபர் 14 அன்று அருங்காட்சியகச் சுற்றில் சில ஒழுங்கீனங்கள் நேர்ந்தன. அங்கே நான்கு ஆண்டுகளாகத் தன்னார்வ வழிகாட்டியாக இருந்துவரும் திரு. ஏவால்ட் நேகலே, உடல்நலம் கருதி ஓய்வெடுத்து வருகிறார்.” இதில் இயந்திரத்தைப் பற்றிய வரி சரி. என்னைப் பற்றிய வரி தவறு. என் ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது. டாக்டர் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் ஓய்வெடுக்கவில்லை. என்னை ஓய்வெடுக்க வைத்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடி, என் வழிகாட்டி அட்டையைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. அதற்குமுன் தங்கள் சிறப்பு இதழ் புதன்கிழமை வருகிறது. அதில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டை போய்விட்டால் நான் நாள் முழுவதும் வீட்டில் இருக்க வேண்டிவரும். முப்பத்தாறு வருஷம் கதவு ஆய்வுப் பிரிவில் ஒரு நாளைக்கு முந்நூறு கார்க் கதவுகளைச் சாத்திச் சத்தம் கேட்டவன் நான். வீட்டில் இருந்தால் சமையலறை அலமாரியைச் சாத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று இர்மா சொல்கிறாள். அவளுக்கும் ரத்த அழுத்தம் இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நேகலே காப்பிக்காகத் தகராறு செய்தான் என்று ஊர் பேசும்.

எங்கள் சுற்று சரியாக ஐம்பத்தைந்து நிமிடம். புதுக் கார் வாங்கியவர்கள் அதை எடுக்கத் தொழிற்சாலைக்கே வருவது நம் வழக்கம். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது, அது பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சாவி கையில் கிடைக்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று அவர்களை என்னிடம் அனுப்புவார்கள். முதல் இருபது நிமிடம் நிறுவனர் ட்ராவ்கோட் ரூக்காபர். அவர் முதலில் செய்தது சாசேஜ் அடைக்கும் இயந்திரம், பிறகு சைக்கிள், 1904இல் கார். அந்த முதல் கார் மேட்டுத் தேவாலயம்வரை ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள், இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை, சந்தைக்குள் புகுந்து, பாதிரியாரின் வாத்துகளில் இரண்டைக் குறைத்துவிட்டு, ஆறு வரும்வரை நிற்கவே இல்லை. அன்று மாலையே நிறுவனர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டார்: “ரூக்காபர் வழியில் நிற்காது.” தொண்ணூற்று நான்கு வருஷமாக நம் நிறுவனத்தின் நல்ல பெயர் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் எல்லாக் கூட்டமும் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அதன்பின் பந்தயக் கார், வெள்ளிக் கோப்பைகள், 1938ஆம் வருஷத்து நீலக் கார். அது முடிந்ததும் ஒரு சுவர் வரும். பழுப்பு மரப்பலகை அடித்த சுவர். அதில் பித்தளை எழுத்தில் “கடினமான ஆண்டுகள்” என்று இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்கு நேர் கீழேதான் காப்பி இயந்திரம், பக்கத்தில் ப்ளம் கேக். அங்கே பதினோரு நிமிடம். பிறகு பக்கத்துக் கதவு திறக்கும், உள்ளே 1949, சூரியன் வரைந்த சுவரோவியம், எல்லோரும் புதுக் காரில் ஏறிப் பிக்னிக் போகிறார்கள். பதினோரு ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் என்று யாரும் திட்டமிட்டு வைத்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு துண்டு கேக் சாப்பிட அவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவுதான். நான்கு வருஷத்தில் அந்த இடத்தில் ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வாயில் கேக்கை வைத்துக்கொண்டு வரலாறு கேட்பவர்கள் குறைவு.

அக்டோபர் 14, புதன்கிழமை, காலைச் சுற்றில் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தெட்டுப் பேர் மேல்பள்ளத்தாக்கிலிருந்து வந்த பௌலிங் கிளப். அதன் தலைவர் புர்கார்ட் என்கிற ஓய்வு பெற்ற கறிக்கடைக்காரர், உரத்த குரல். இருவர் பிரேமன் நகரத்திலிருந்து கார் எடுக்க வந்த கணவன் மனைவி. கடைசி ஆள் கம்பளித் தொப்பி போட்ட ஓர் ஒல்லியான அம்மாள், தனியாக வந்திருந்தார், கூட்டத்தின் பின்னால் தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

பத்து மணி நாற்பத்தொரு நிமிடத்துக்குச் சுவருக்கு வந்தோம். நான் பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் பேசவில்லை. மறுபடி அழுத்தினேன். விளக்குக்கூட எரியவில்லை. அது நம் தயாரிப்பு அல்ல, வெளிநாட்டுச் சரக்கு என்பதைத் தங்கள் திருத்தத்தில் அவசியம் குறிப்பிட வேண்டும். முன்னால் போகலாம் என்றால் 1949இன் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். பின்னால் போகலாம் என்றால் அடுத்த சுற்று அப்போதுதான் வாத்துகள் வரைக்கும் வந்திருந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி, கேக்கையாவது கொடுப்போம் என்று கொடுத்தேன். காப்பி இல்லாத ப்ளம் கேக் தொண்டையில் நிற்கும். எனவே யாரும் சாப்பிடவில்லை. முப்பத்தொரு பேர் வெறுங்கையோடு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் படிக்க இரண்டே சொற்கள்தான் இருந்தன.

புர்கார்ட் அவற்றை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நேகலே ஐயா, ஒரு சந்தேகம். வண்டி வழியில நிக்கவே நிக்காதுன்னீங்க.”

“ஆமாங்க.”

“முப்பத்தெட்டுல பாத்த வண்டி நாப்பத்தொம்பதுலதான திரும்ப வருது. நடுவுல எங்கய்யா போச்சு?”

கிளப் முழுக்கச் சிரித்தது. பராமரிப்பு வேலைகள் நடந்தன என்று சொன்னேன்.

“பதினோரு வருஷமாவா? அப்ப எங்க ஊர் மெக்கானிக்கே தேவலாம். அவன் மூணு வாரத்துல குடுத்துருவான்.”

மறுபடியும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தூணைக் கையால் தடவினார்.

“இது கூடம் நாலு. தூணுல நம்பர் இருந்துச்சு. பெயிண்டு அடிச்சுட்டாக.”

நான் ஏன் திகைத்தேன் என்பதை இங்கே விளக்க வேண்டும். வெளிநாட்டவர்கள் நம் மொழியைப் படித்துவிட்டு வந்து பேசினால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். இவர் பேசியது அசல் லைன்டால் பேச்சு. அதுவும் என் அப்பா தலைமுறைப் பேச்சு. இன்று ஊரில் அதைப் பேச ஆறு பேர் மிஞ்சினால் அதிகம். ஆனால் அவருக்குத் தெரிந்த சொற்கள் மிகக் குறைவு. ரிவிட், சுத்தியல், இடது கை, சூப்பு, வரிசை, சீக்கிரம். மற்றதையெல்லாம் இவற்றைச் சுற்றித்தான் பேசினார்.

“எங்கம்மா படிச்சீங்க எங்க பேச்ச?” என்று கேட்டேன்.

“இங்கனதான். இந்த எடத்துல நின்னு. மூணு வருசம் ஏரோப்ளேன் எறக்கைக்கு ரிவிட் அடிச்சேன். வந்தப்ப பதினேழு வயசு. பொல்தாவா எங்க ஊரு, தூரத்துல, கெழக்க. மோத்ரியா எம்பேரு.”

பிரேமன்காரர் என் காதருகே வந்து, “இதுவும் சுத்துல சேந்ததுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார், கோபமாக அல்ல, நமக்குத் தெரிந்த ஒரு பழைய பாட்டை முணுமுணுப்போமே அப்படி:

“வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத. கைய என்ன ஊறப் போட்டுருக்கியா?”

திரு. லுட்ஸ் அவர்களே, இந்த வாக்கியத்தை எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒருவர்தான் சொல்வார். விறகு பிளக்கும்போதும், வீட்டுப்பாடம் எழுதும்போதும், சூப்பு ஆறிப்போகும்போதும், எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தினமும் கேட்டிருக்கிறேன். கூடம் நாலின் ஃபோர்மேன் கார்ல் நேகலே. என் அப்பா.

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. விளக்கு சிவப்பு. காப்பி இல்லை. வழிகாட்டிக் கையேட்டின் மூன்றாம் விதி, “விருந்தினர்களை மௌனத்தில் விடக்கூடாது” என்கிறது. எனவே நான் பேசினேன். விதிப்படித்தான் பேசினேன் என்பதைக் குழு கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். இந்தக் கூடத்தில் போர்க்காலத்தில் கார் செய்யவில்லை, விமான இறக்கை செய்தார்கள். செய்தவர்கள் கிழக்கே இருந்து ரயிலில் ஏற்றி வரப்பட்ட பெண்பிள்ளைகள், இருநூறுக்கு மேல். பெயிண்ட் கூடத்துக்குப் பின்னால், இன்றைக்குப் புதுக் கார்களை ரிப்பன் கட்டி நிறுத்தியிருக்கும் இடத்தில், அவர்களுடைய மரக் கொட்டகைகள் இருந்தன, சுற்றிலும் முள்கம்பி. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவேன். அந்த நேரத்தில்தான் அவர்களுக்கும் சூப்பு ஊற்றுவார்கள், வாளியின் அடிப்பகுதி தெரியும். “தரையப் பாத்து நடடா” என்று அப்பா சொல்லியிருந்தார். நான் சொன்னபடி கேட்கிற பிள்ளை. தரையைப் பார்த்தேன். அதனால் அவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது, கால்கள்தான் தெரியும். எல்லோருக்கும் மரக்கட்டைச் செருப்பு, குளிர்காலத்திலும் அதேதான். நாற்பத்துநான்காம் வருஷக் குளிரில் கால்கள் குறைந்துவிட்டன. ஏன் குறைந்தன என்று நான் வீட்டில் கேட்கவில்லை. வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னேன், இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதாக எவராவது புகார் செய்திருந்தால் அது பொய்.

பச்சை விளக்கு பத்து ஐம்பத்திரண்டுக்கு எரிந்தது. கூட்டம் நகரவில்லை. இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் 1949க்குள் போனோம். தங்கள் செய்தியில் வரும் ஒழுங்கீனம் இந்த இரண்டு நிமிடம்தான் என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய புகைப்படம் இருப்பது தங்களுக்குத் தெரியும். போருக்குப் பின் வந்த முதல் கார், அதன் முன்மூடியில் கை வைத்துச் சிரிக்கும் ஃபோர்மேன், சட்டையில் நிறுவனம் கொடுத்த தங்கச் சின்னம். நான்கு வருஷமாக அங்கே நின்று, “இவர் என் அப்பா” என்று சொல்வேன், மக்கள் என்னைப் படம் பிடிப்பார்கள். அன்று சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. அந்த அம்மாள் படத்தின் முன்னால் போய் நின்றார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“மூக்கு அதேதான்,” என்றார்.

“ஆமாம்மா.”

“செத்துட்டாரா?”

“எழுபத்தொண்ணுல.”

“படுக்கையிலயா?”

“படுக்கையிலதான்.”

“ம்,” என்றார். பிறகு உட்கார நாற்காலி கேட்டார். அருங்காட்சியகத்தில் நாற்காலி கிடையாது. புர்கார்ட் 1949ஆம் வருஷத்துக் காரின் கதவைத் திறந்து அவரை முன்னிருக்கையில் உட்கார வைத்து, தன் பையிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கப் காப்பி ஊற்றிக் கொடுத்தார். காட்சிப்பொருளைத் தொடக்கூடாது என்பது ஐந்தாம் விதி. நான் தடுக்கவில்லை. கதவை நானே மெதுவாகச் சாத்தினேன். நல்ல சத்தம்தான், குறை சொல்ல முடியாது.

பிரேமன்காரரின் புகார்க் கடிதம் மூன்று பக்கம். அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முதல் பக்கம் காப்பி, இரண்டாம் பக்கம் கேக், மூன்றாம் பக்கத்தில் சாவி பதினான்கு நிமிடம் தாமதமாகக் கிடைத்தது பற்றி. தாமதத்துக்குக் காரணம் அவர் மனைவி. ரிப்பன் கட்டிய கார் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, வேறு இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தால்தான் ஏறுவேன் என்று அவர் நின்றுவிட்டாராம். இதைக் கணவர் எழுதவில்லை, காவலாளி எனக்குச் சொன்னார்.

அருங்காட்சியக இயக்குநர் முனைவர் வ்ரேடே என்னை அழைத்துப் பேசினார். நல்ல பெண்மணி, என் மகள் வயது.

“நீங்க சொன்னது எதுவும் தப்பில்ல, நேகலே சார். ஆனா அது உங்க பிரிவு இல்ல. அதுக்குன்னு ஒரு வரலாற்றுக் குழு போட்டிருக்கோம். ரெண்டாயிரத்து ஆறுல அறிக்கை வரும்.”

“அந்தம்மாவுக்கு அப்ப எண்பத்தொண்ணு ஆயிருமே.”

“அது எங்க கையில இல்லீங்க.”

வீட்டில் இர்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“நாப்பது வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ. முப்பத்தோரு பேர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்க.”

“காப்பி இயந்திரம் கெட்டுப்போச்சு, இர்மா.”

“அதுதான் வழின்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணத்தன்னிக்கே காப்பிப் பாத்திரத்த உடைச்சிருப்பேன்.”

ஆகவே தாங்கள் வெளியிட வேண்டிய திருத்தம் பின்வருமாறு: “திரு. ஏவால்ட் நேகலே பூரண நலத்துடன் இருக்கிறார். அக்டோபர் 14 அன்று நடந்த அனைத்துக்கும் காப்பி இயந்திரம் ஒன்றே காரணம். அது பழுதாகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ரூக்காபர் நிறுவனம் தயாரித்த எந்தப் பொருளும் அன்று பழுதாகவில்லை. வழிகாட்டி மேல் தவறில்லை.” நாற்பத்தேழு வருஷம் இங்கே வேலை செய்தவன், இந்த ஐந்து வாக்கியத்தைத்தான் கேட்கிறேன். நம் நிறுவனத்தின் பெயருக்கும் இதனால் பங்கம் வராது.

தங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும். தங்கள் துணைவியாருக்கும், இம்முறை இரண்டாம் பரிசு பெற்ற தங்கள் முயலுக்கும் எங்கள் இருவரின் அன்பான வணக்கங்கள். முதல் பரிசு அதற்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

பணிவுடன்,
ஏவால்ட் நேகலே
கதவு ஆய்வுப் பிரிவு (ஓய்வு)

பி.கு.: மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் இர்மா இதைப் படித்தாள். “இதுல உன் ரத்த அழுத்தம் மட்டும்தான் உண்மை” என்றாள். அது அநியாயம், நிறைய உண்மை இருக்கிறது. ஆனால் இயந்திரம் பழுதாகவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு நாளாக அதைப் பிரித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார், பாவம். அதன் பியூஸ் என் கோட்டுப் பையில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நானே கழற்றினேன். முன்பதிவுப் படிவங்கள் முதலில் என்னிடம்தான் வரும். மூன்று வாரத்துக்கு முன் வந்த ஒன்றில், “வருகையின் நோக்கம்” என்ற கட்டத்தில், யாரோ உதவி செய்து எழுதியிருந்தார்கள்: “கூடம் 4. 1942 முதல் 1945 வரை. மறுபடி பார்க்க வேண்டும்.” அந்தச் சுவருக்குக் கீழே நின்று அவரிடம் நான் காப்பியும் கேக்கும் நீட்டுவதை மூன்று வாரம் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. நானாக வாயைத் திறந்து சொல்லவும் தைரியம் இல்லை. பியூஸைக் கழற்றும் அளவுக்குத்தான் தைரியம் இருந்தது. வியாழக்கிழமை குழுவிடம் இதைச் சொல்லிவிட்டு அட்டையை நானே மேஜைமேல் வைத்துவிடுவேன். தயவுசெய்து எலக்ட்ரீஷியனிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

என் திருத்தத்துக்கு ஒதுக்க நினைத்த இடத்தைக் கடைசிப் பக்கத்துக்குக் கொடுங்கள், “நம்மைப் பிரிந்த சக பணியாளர்கள்” பகுதிக்கு. மோத்ரியா அம்மாள் ஊருக்குப் போகும் முன் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல இர்மா எழுதினாள். வழக்கமான வடிவத்திலேயே தருகிறேன்:

ஹான்னா லீசென்கோ, கூடம் 4, பணிக்காலம் 1942–1944, வயது 19.
ஓல்ஹா புர்லாக், கூடம் 4, பணிக்காலம் 1942–1943, வயது 17.
நஸ்தியா கோவால், கூடம் 4, பணிக்காலம் 1943–1944, வயது 16.

“ஓய்வு பெற்ற நாள்” என்ற கட்டத்தை நிரப்ப வேண்டாம். இவர்கள் ஓய்வாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் அல்லவே என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், இனி பகலில் வீட்டில்தான் இருப்பேன். இவர்களோடு இன்னும் நான்கு பேர் உண்டு. முகம் நன்றாக நினைவிருக்கிறது, பெயர்தான் வரவில்லை என்கிறார் அந்த அம்மாள். அவர்களுக்கு நான்கு வரி காலியாக விடுங்கள்.